சக்கரமும் சட்டமும்: பிரித்தானியப் பொலிஸ் ஊர்திகளும் ஊவாத் தோட்டப்புறமும்

1. முன்னுரை

ஓர் அரசின் இயல்பை அறிய விழைவோர் பெரும்பாலும் அதன் அரசியல் யாப்பையும், சட்டங்களையும், நீதிமன்றத் தீர்ப்புகளையும் ஆராய்வர். இவை இன்றியமையாத சான்றுகளே. ஆயினும், சட்டம் நூலிலிருந்து எழுந்து மக்களின் வாயிலுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்னும் வினா நம்மிடையே குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. சட்டத்துக்குக் கால்கள் இல்லை. அதனைச் சுமந்து செல்வோர் காவலர். காவலரைச் சுமந்து செல்வன குதிரையும், புகைவண்டியும், மோட்டார் ஊர்தியும். ஆகவே பொலிஸ் ஊர்தியின் வரலாறு பொறியியல் வரலாற்றின் ஒரு கிளையாக மட்டும் அடங்கிவிடுவதன்று. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான தூரம் எவ்வாறு கடக்கப்பட்டது, யாருடைய அழைப்பின் பேரிற் கடக்கப்பட்டது என்பதன் வரலாறாகவும் அது அமைகின்றது.

பிரித்தானியப் பொலிஸ் ஊர்திகள் தாயகத்தில் ஆற்றிய பணிகளையும், குடியேற்ற நாடுகளில் ஆற்றிய பணிகளையும் ஒப்புநோக்கி, அவ்வொப்பீட்டின் வெளிச்சத்தில் ஊவா மாகாணத்துத் தோட்டப்புறத்தின், குறிப்பாகப் பதுளை, பசறைப் பிரதேசத்தின், வரலாற்றுக் கட்டமொன்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1940ஆம் ஆண்டில் ஊவாவில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களும், அவற்றை அடக்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளும் இங்கு மையமாகக் கொள்ளப்படுகின்றன.

2. தாயகத்தில் இரு மரபுகள்

1829ஆம் ஆண்டிற் சேர் றொபேட் பீல் இலண்டன் மாநகரப் பொலிஸ் படையை நிறுவியபோது, அதன் காவலன் நடந்து செல்பவனாகவே கருதப்பட்டான். குறித்த தெருக்களைக் குறித்த நேரத்தில் ஆயுதமின்றிச் சுற்றிவருதலே அவன் கடமை. தெருவாசிகள் அவனை முகமறிந்திருந்தனர். அவனும் அவர்களை அறிந்திருந்தான். அக்காலப் பொலிசாரிடமிருந்த முக்கியமான வண்டி, கைதிகளை நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் ஏற்றிச் சென்ற குதிரை வண்டியாகும். உள்ளே சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, வெளியே கரிய நிறம் பூசப்பட்டிருந்த அவ்வண்டியை மக்கள் ‘கறுப்பு மரியா’ என்று அழைத்தனர். ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் அரசின் வருகையைக் கட்புலனாக்கிய முதற் பொலிஸ் ஊர்தி அதுவே எனலாம்.

முதலாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. 1919ஆம் ஆண்டில் இலண்டனிற் கொள்ளையரைப் பிடிப்பதற்கென அமைக்கப்பட்ட துப்பறியும் குழு, முதலில் மூடிய குதிரை வண்டிகளுள் மறைந்திருந்து கண்காணித்தது. 1920ஆம் ஆண்டில், போர்க்கால வான்படையின் ‘குறொஸ்லி’ லொறிகள் இரண்டு அக்குழுவுக்குக் கிடைத்தன. மாநகரின் எப்பகுதிக்கும் விரைந்து சென்ற அக்குழு ‘பறக்கும் படை’ என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் கம்பியில்லாத் தந்திக் கருவிகளும் ஊர்திகளிற் பொருத்தப்பட்டன. 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தை அடுத்து நெடுஞ்சாலைகளில் மோட்டார் ரோந்து பெருகிற்று. 1937ஆம் ஆண்டு யூன் 30இல் இலண்டனில் 999 என்னும் அவசரத் தொலைபேசி எண் நடைமுறைக்கு வந்தது. இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. தொலைபேசியை எட்டக்கூடிய எந்தக் குடிமகனும், குறைந்தபட்சம் கோட்பாட்டளவிலேனும், பொலிஸ் ஊர்தியைத் தன் வாயிலுக்கு அழைக்கும் உரிமை பெற்றான்.

இது ஒரு மரபு. பிரித்தானிய ஆட்சியின் கீழ் வேறொரு மரபும் அதேவேளையில் வளர்ந்து வந்தது. அதன் விளைநிலம் அயர்லாந்து. அரச ஐரிஷ் பொலிஸ் படை ஆயுதம் தாங்கியது; பாசறைகளில் வாழ்ந்தது; மக்களிடமிருந்து விலகி நின்றது. 1920, 1921ஆம் ஆண்டுகளில் அயர்லாந்து விடுதலைப் போர் உச்சமடைந்தபோது, அப்படையும் அதற்குத் துணையாக அனுப்பப்பட்ட பிரித்தானியப் படையினரும் கிராமங்களைச் சோதனையிடப் பயன்படுத்திய ஊர்தி எது? இலண்டனிற் கொள்ளையரைத் துரத்திய அதே குறொஸ்லி லொறிதான். எறிகுண்டு விழாதபடி அதன் மேல் கம்பி வலை போர்த்தப்பட்டிருந்தது என்பதே வேறுபாடு. 1920ஆம் ஆண்டு நவம்பர் 28இல் கோர்க் மாவட்டத்தில் கில்மைக்கல் என்னுமிடத்தில் விடுதலைப் போராளிகளின் பதுங்கித் தாக்குதலுக்கு இலக்கானவையும் இவ்வகை லொறிகள் இரண்டே.

ஒரே தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ஒரே வகை ஊர்தி, ஓரிடத்திற் குடிமக்களின் உடைமையைக் காத்தது. மற்றோரிடத்தில் ஒரு மக்களினத்தையே கண்காணித்தது. எனவே ஊர்தியின் பணியைத் தீர்மானிப்பது அதன் இயந்திரமன்று; அது புறப்படும் வாயிலும், அதற்குக் கட்டளையிடும் அதிகாரமுமே என்பது தெளிவு.

எனினும் இவ்விரு மரபுகளுக்கும் இடையே பெருஞ்சுவர் இருந்ததாகக் கொள்ளுதல் தவறாகும். தொழிலாளர் போராட்டம் எழுந்த வேளைகளில் தாயகத்திலும் அச்சுவர் மறைந்தது. 1910ஆம் ஆண்டு நவம்பரில் தென்வேல்சின் டொனிபாண்டியில் நிலக்கரித் தொழிலாளர் கிளர்ந்தபோது, உள்நாட்டு அமைச்சராயிருந்த சேர்ச்சில், இலண்டன் பொலிசாரைப் புகைவண்டியில் ஏற்றி அங்கு அனுப்பினார். 1984ஆம் ஆண்டில் நிலக்கரித் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, பல மாவட்டங்களிலிருந்தும் பொலிசார் வான்களில் அணியணியாகக் கொணரப்பட்டனர். அவ்வாண்டு யூன் 18இல் ஓர்கிறீவ் என்னுமிடத்தில் நடந்த மோதல் யாவரும் அறிந்தது. தெருவாசிகளை முகமறிந்த காவலனின் இடத்தை, தொலைவிலிருந்து ஏற்றி வரப்பட்ட, எவரையும் அறியாத காவலர் கூட்டம் பிடித்துக்கொள்கின்றது. ஊர்தி இங்குத் தூரத்தைக் குறைக்கின்றது, அந்நியத்தன்மையைப் பெருக்குகின்றது.

3. இலங்கைக்கு வந்த மரபு

இலங்கையிற் பொலிஸ் படை 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் ஒழுங்கமைக்கப்பட்டது. 1866ஆம் ஆண்டில் ஜீ. டபிள்யூ. ஆர். கம்பெல் அதன் தலைமையை ஏற்றார். அப்படை பெரும்பாலும் நகரங்களையே காவல் செய்தது. கிராமங்களில் விதானைமாரும், அவர்களுக்கு மேற்பட்ட பரம்பரைத் தலைமைக்காரரும் ஒழுங்கைப் பேணும் பொறுப்பை வகித்தனர். தோட்டங்களில் அப்பொறுப்பு துரையிடமும் பெரிய கங்காணியிடமும் விடப்பட்டிருந்தது.

தோட்டத்துக்குப் பொலிஸ் தேவைப்படவில்லை என்பதன்று இதன் பொருள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்த மீறலொன்றை அரசு குற்றவியல் விவகாரமாக மாற்றியிருந்தது. கடன் சுமையைக் குறித்துத் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையும் இதனோடு இணைந்து செயற்பட்டது. ஓடிப்போனவனைத் தேடும் பிடியாணை, துரையின் முறைப்பாட்டிலிருந்தே பிறந்தது. 1921ஆம் ஆண்டிற் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அக்காலத்தையொட்டியே தொழிற் குற்றங்களுக்கான சிறைத் தண்டனையும் நீக்கப்பட்டது. ஆயினும் நெடுங்காலம் பழகிப்போன ஒரு வழக்கம் சட்டம் நீங்கியவுடன் நீங்கிவிடவில்லை. தோட்டத்தில் எழும் எந்தப் பிணக்கையும் ‘ஒழுங்குப் பிரச்சினை’யாகக் காணும் பார்வையே அவ்வழக்கம்.

1913 முதல் 1937 வரை பொலிஸ்மா அதிபராயிருந்த சேர் ஹேபேட் டௌபிகின், இலங்கைப் பொலிஸ் படையை நவீனப்படுத்தியவர் எனப் போற்றப்படுகின்றார். பொலிஸ் நிலையங்கள் அவர் காலத்தில் நாட்டுப்புறங்களிலும் பெருகின. அவரது புகழ் இலங்கையோடு நிற்கவில்லை. 1926இல் சைப்பிரசுப் பொலிஸ் படையையும், 1929ஆம் ஆண்டுக் கலவரங்களை அடுத்து 1930இல் பாலஸ்தீனப் பொலிஸ் படையையும் ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்குமாறு பிரித்தானிய அரசு அவரை அனுப்பிற்று. அயர்லாந்து, இலங்கை, சைப்பிரசு, பாலஸ்தீனம் என்பன தனித்தனி நாடுகளாயினும், அடக்குமுறை அனுபவம் ஒரு பொதுச் சேமிப்பாகத் திரட்டப்பட்டு அவற்றிடையே சுற்றி வந்தது. 1922இல் அரச ஐரிஷ் பொலிஸ் படை கலைக்கப்பட்டபின், அதன் ஆட்கள் பலர் பாலஸ்தீனப் பொலிஸ் சேவைக்குச் சென்றமையும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது.

4. பசறை: வீதியும் தூரமும்

ஊவாவின் வீதிகள் மக்களின் வசதிக்காகத் தோன்றியவையல்ல. 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்குவதிற் பெருந் துன்பமடைந்த பிரித்தானியர், மலைநாட்டைக் கைக்குள் வைத்திருக்க வீதிகளே வழி என்பதைக் கற்றனர். பின்னர் கோப்பியும், அதனைத் தாக்கிய இலைநோய்க்குப் பின் தேயிலையும், அவ்வீதிகளுக்குப் பொருளாதாரப் பயனை அளித்தன. படை செல்வதற்கு வெட்டிய வழியிலே கோப்பி மூட்டை இறங்கிற்று. கோப்பி இறங்கிய வழியிலே கூலியாள் ஏறினான்.

1924ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்து அங்கேயே முடிவுற்றது. பதுளைக்குக் கிழக்கே, நமுனுகுல மலையின் அடிவாரத்தைச் சார்ந்து கிடக்கும் பசறைக்கும், அதற்கப்பாலுள்ள மடுல்சீமை, லுணுகலைப் பகுதிகளுக்கும் இருப்புப் பாதை இல்லை. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும், அங்கிருந்து கிழக்குக் கரையின் செங்கலடிக்கும் செல்லும் நெடுஞ்சாலை ஒன்றே இப்பிரதேசத்தின் உயிர்நாடி. மலைச்சரிவுகளை வெட்டி அமைக்கப்பட்ட அச்சாலையிலிருந்து தோட்டத்துப் பாதைகள் பிரிந்து, கொழுந்து மடுவத்துக்கும், தொழிற்சாலைக்கும், துரை பங்களாவுக்கும் ஏறுகின்றன. லயங்கள் பெரும்பாலும் அப்பாதையிலிருந்தும் விலகி, மலைமடிப்புகளுட் கிடக்கின்றன.

இந்நில அமைப்பின் சமூகப் பொருளை நாம் உணர்தல் வேண்டும். 1930களிற் துரையிடம் மோட்டார் வண்டி இருந்தது. தோட்டக் காரியாலயத்திடம் லொறி இருந்தது. தொழிலாளியிடம் இருந்தவை அவன் கால்கள் மட்டுமே. அயற்றோட்டத்து உறவினரைக் காணச் செல்வதற்கே ஒரு நாள் வேண்டும். அத்தகைய இடத்தில், பதுளையிலிருந்து சில மணி நேரத்துள் ஆயுதம் தாங்கிய ஆட்களைக் கொணரக்கூடிய ஓர் ஊர்தி, பல பொலிஸ் நிலையங்களுக்கு ஈடாகும். எண்ணிக்கையிற் சிறிய படை, பரந்து கிடந்த பெருந்தொகையான தொழிலாளரைக் கட்டுப்படுத்த இயன்றமைக்கு வீதியும் சக்கரமும் முதன்மையான காரணங்களாம்.

தோட்டத்துக்கு வெளியிலிருந்து யார் வரலாம் என்பதும் ஒரு பக்கச் சார்பாகவே வகுக்கப்பட்டிருந்தது. தோட்டம் தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றித் தொழிற்சங்கவாதி அங்கு நுழைந்தால் அத்துமீறற் குற்றம். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுட் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. ஆக, ஒரே தோட்டப் பாதையிற் பொலிஸ் ஊர்தி வெளிப்படையாக ஏறிச் சென்றது. தொழிலாளரின் நண்பன் வேடமிட்டு நடந்து சென்றான்.

5. பிறேஸ்கேர்டில் முதல் முல்லோயா வரை

1935ஆம் ஆண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. தோட்டத் தொழிலாளரை அணுகிய அதன் முயற்சிகளின் தொடக்கத்திலேயே அரசின் அச்சம் வெளிப்பட்டது. மடுல்கெலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பயில வந்த மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்னும் இளைஞர், தொழிலாளரோடு ஒட்டி நின்றமைக்காக வேலையிழந்து, அக்கட்சியிற் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் துரைமாரின் சுரண்டலை வெளிப்படையாகக் கண்டித்தார். வெள்ளையரொருவர் கூலியாட்கள் முன் நின்று வெள்ளைத் துரையைக் கண்டிப்பது ஆள்வோராற் பொறுக்கக்கூடியதாக இல்லை. தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவர் மறைந்து திரிந்தார், பொலிசார் தேடினர். இறுதியிற் கைது செய்யப்பட்டபோது, ஆட்கொணர் மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டத்தை நிறைவேற்றுவோரே சட்டத்தின் எல்லையை மீறியமை வெளிப்பட்டது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1939 யூலையில் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாகியிருந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். எழுந்த கண்டனத்தின் விளைவாக விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, பொலிசாருக்கும் தோட்டத் துரைமாருக்கும் இடையிலான நெருக்கத்தைக் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்ந்தார்.

முல்லோயா ஓர் அரசியல் நெருக்கடியையும் தோற்றுவித்தது. தொழிலாளருக்கெதிரான வழக்கு நடவடிக்கைகள் தொடர்பில், உள்நாட்டலுவல்கள் அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலகவின் பணிப்பும் பொலிஸ்மா அதிபர் பாங்ஸின் செயலும் முரண்பட்டன. தேசாதிபதி சேர் அன்ட்றூ கல்டிகொட் பொலிஸ்மா அதிபரின் பக்கமே நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்தனர். பின்னர் சமரசத்தின் பேரில் மீண்டனர். சர்வசன வாக்குரிமை 1931இலேயே வழங்கப்பட்டிருந்தும், பொலிஸ் படை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி விடையளித்தது. மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சர் அதற்குத் தலைவராயிருந்தார். அதன் கடிவாளம் வேறு கையில் இருந்தது.

6. 1940: ஊவா

முல்லோயாவுக்குப் பின் வேலைநிறுத்தங்கள் தெற்கே ஊவாவுக்குப் பரவின. இங்கு எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சித்தம்பலம் முதலிய சமசமாஜவாதிகள் தலைமை தாங்கினர். போராட்டங்கள் நீண்டன, உறுதிபெற்றன. கூட்டங்களைத் தடைசெய்யும் ஆணையொன்றைப் பதுளை நீதவான் பிறப்பித்தார். 1940 மே 12இல் என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையிற் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார். திரண்ட மக்களின் தொகையைக் கண்ட பொலிசார் செயலற்று நின்றனர்.

பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்தது இதனிலும் முக்கியமானது. அங்குத் தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகத்தை நடத்துவதாகத் துரை இணங்கினார். பிரட்டுக்களத்திற் கைகட்டி நின்று பெயர் கொடுத்த மக்கள், நிருவாகத்தோடு எதிரெதிரே அமர்ந்து பேசும் நிலைக்கு உயர்ந்தனர். ‘சட்டத்தையும் ஒழுங்கையும்’ நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழுவொன்றின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்று அவ்வியக்கத்தின் வரலாறு பதிவு செய்கின்றது.

இந்நிகழ்ச்சியை நாம் தூரத்தின் கோணத்திலிருந்து நோக்கலாம். விரைந்து வந்து, அச்சுறுத்தி, விரைந்து மீளும் வரையிற்றான் சிறு குழுவின் வலிமை நிலைக்கும். தொழிலாளர் ஒன்றுகூடி எதிர்கொள்ளும்போது, வேகத்தாற் பெற்ற மேன்மை ஊர்தி நின்ற இடத்திலேயே முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் எஞ்சுவது சில மனிதருக்கு எதிரே பல மனிதர் என்னும் எளிய கணக்கே. ஆயுதம் பறிக்கப்பட்டமையினும் ஆட்சியாளரைக் கலங்கச் செய்தது இவ்வுண்மை வெளிப்பட்டமையே எனக் கருத இடமுண்டு.

அரசு தன் முழு வலிமையையும் திரட்டித் திருப்பித் தாக்கியது. பொலிஸ் அடக்குமுறை தோட்டங்களிற் பரவியது. அதே வேளையிற் பெருவெள்ளமும் வந்தது. ஒரு வாரத்துக்கு மேலாக ஊவா நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. வீதி அறுந்தால் பொலிசின் கை முறியும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. பொலிசார் முன்னரே உள்ளே இருந்தனர். உள்ளே வர இயலாது தடுக்கப்பட்டவர்கள் கொழும்பிலிருந்த தொழிற்சங்கத் தலைவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோரே. முல்லோயாவில் உண்மையை வெளிக்கொணர்ந்த கண்கள் ஊவாவில் அவ்வாரத்தில் இல்லாதுபோயின. ஆகவே வெள்ளம் நடுநிலையான இயற்கை நிகழ்ச்சியாக இருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சமனின்மையை அது கூர்மையாக்கிற்று. வேலைநிறுத்த அலை பின்வாங்கியது. 1940 யூன் 18இல் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும், மறுநாள் கொல்வின் ஆர். டி சில்வாவும் கைது செய்யப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டனர்.

போராட்டம் முற்றாகத் தோற்றது என்பதற்கில்லை. அதே ஆண்டிலேயே தோட்ட முதலாளிமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ‘ஏழு அம்ச உடன்படிக்கை’யைச் செய்துகொள்ள நேர்ந்தது. தொழிற்சங்கம் என்பது துரையோடு பேசுதற்குரிய அமைப்பு என்பது ஓரளவுக்கேனும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேவெஸ்ஸவில் ஒரு சில வாரங்கள் நிலவிய உரிமையின் மங்கலான சாயல், உடன்படிக்கை வடிவில் எஞ்சிற்று.

7. மரபுரிமை

குடியேற்ற ஆட்சி நீங்கியபோது அதன் ஊர்திகளும் சட்டங்களும் நீங்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5இற் கொழும்பிற் பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி உயிரிழந்தார். அக்கொந்தளிப்பின் நடுவே நிறைவேற்றப்பட்ட 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், சுதந்திர இலங்கையின் அவசரகால ஆட்சிகள் யாவற்றுக்கும் அடித்தளமாயிற்று. 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமை, தேர்தற் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. தம் பிரதிநிதியைத் தெரிந்தெடுக்க இயலாதவருக்கு, தம்மிடம் வரும் காவலரைக் கேள்வி கேட்பதற்கான வாயிலும் அடைபட்டது. 1977 மே 11இல் நுவரெலியா மாவட்டத்து டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்தளிப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையே 37 ஆண்டுகளும், ஒரு சுதந்திரமும், தோட்டங்களின் தேசியமயமும் உள்ளன. சுடப்பட்டவரின் சமூக நிலை மாறவில்லை.

மறுபுறத்தில், வரவேண்டிய வேளையிற் காவல் வராது நின்ற வரலாறும் உண்டு. 1983 யூலை இறுதியிற் பதுளை நகரிற் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, பாதுகாப்புக்கெனப் பொலிசாரை நம்பியிருந்தோர் ஏமாற்றமடைந்தனர். 2000 ஒக்ரோபர் 25இல் பண்டாரவளைக்கு அணித்தாயுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய பொலிசார் பெருந்தொகையாக அவ்விடத்தில் இருந்தனர். தண்டிக்கப்பட்டவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இங்குத் தூரம் ஒரு தடையாக இருக்கவில்லை. காவலர் கையெட்டும் தொலைவில் நின்றனர். சக்கரத்தாற் கடக்க இயலாத வேறொரு தூரமே அவர்களைத் தடுத்தது.

ஒருதலையான சித்திரத்தைத் தீட்டுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. பொலிஸ் ஊர்தி எல்லா வேளைகளிலும் அடக்குமுறைக் கருவியாகவே இயங்கிற்று என்று கூறமுடியாது. காயமுற்றோரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும், வாக்குப் பெட்டிகளுக்குக் காவல் செல்வதும், மண்சரிவுப் பாதைகளை மூடி மக்களைத் தடுத்துக் காப்பதும் அதன் பணிகளே. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும், 2021 மார்ச் 20இல் பசறை - லுணுகலை வீதியின் 13ஆம் மைற்கல்லருகே பயணிகள் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தபோதும், மீட்புப் பணியில் ஈடுபட்டோருட் பொலிசாரும் இருந்தனர். ஆயின் இந்நிகழ்ச்சிகளும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. கொழுந்தும் படையும் செல்வதற்கென வெட்டப்பட்ட வீதியை, மக்கள் செல்வதற்குரிய வீதியாக மாற்றும் பொறுப்பு இன்றுவரை எவ்வளவுக்கு நிறைவேற்றப்பட்டுள்ளது?

பிரித்தானியாவிலும் இப்பிரச்சினை வேறொரு வடிவில் உணரப்பட்டது. 1960களில் நீலமும் வெள்ளையும் பூசிய சிறு கார்கள் சாதாரணக் காவலருக்கு வழங்கப்பட்டன. அவை விரைவைக் கொடுத்தன. ஆயினும் தெருவோடு காவலனுக்கிருந்த பழக்கத்தைக் குறைத்தன என்ற குறை எழுந்தது. 1981ஆம் ஆண்டின் பிறிக்ஸ்டன் கலவரத்தை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபு, காவலருக்கும் மக்களுக்கும் இடையில் நம்பிக்கை வளரவேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த அத்தெருக்கள் நமது லயங்களிலிருந்து பெருந்தொலைவில் உள்ளன. ஆயினும், தம்மை அறியாத, தம் மொழியறியாத காவலர் ஊர்தியில் வந்திறங்கும்போது உண்டாகும் உணர்வு இரண்டிடத்தும் ஒன்றே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, பிரித்தானியப் பொலிஸ் ஊர்திக்கு ஒரே பணி என்று எதுவும் இருக்கவில்லை. இலண்டன் குடிமகனுக்கு அது ஓரளவு ஏவலாளாயிருந்தது. அயர்லாந்து உழவனுக்கும் ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கும் எசமானின் நீண்ட கையாயிருந்தது. தொழிலாளர் போராட்டத்தின்போது இலண்டன் ஊர்தியும் அவ்வாறே நடந்துகொண்டது. ஆகவே வேறுபாட்டின் வேரை நாட்டின் எல்லையிலன்றி வர்க்க உறவிலே தேடுதல் வேண்டும். இரண்டாவது, வேகம் தன்னளவில் அதிகாரமன்று. வேவெஸ்ஸவில் ஒன்றுபட்ட தொழிலாளர் அதன் எல்லையைக் காட்டினர். மூன்றாவது, வெளியுலகின் கண்கள் அகன்ற இடத்தில் அடக்குமுறை எளிதாகின்றது. 1940ஆம் ஆண்டின் வெள்ளம் தரும் பாடம் இதுவே.

இன்று தோட்டப்புறத்துத் தொழிலாளியின் கையிலும் தொலைபேசி உண்டு. 119ஐ அழைக்கும் உரிமை சட்டத்தின்படி அவனுக்கும் அவளுக்கும் உண்டு. தமிழ் அரசகரும மொழியாக 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் நள்ளிரவில் ஒரு லயத்திலிருந்து ஒரு பெண் அழைக்கும்போது, மறுமுனையில் அவள் மொழியில் விடை கிடைக்கின்றதா, துரையின் அழைப்புக்கு விரைந்த அதே விரைவோடு சக்கரங்கள் அவள் வாயிலை நோக்கியும் சுழல்கின்றனவா என்பவையே உண்மையான சோதனைகள். குடியேற்ற ஆட்சியின் மரபிலிருந்து நமது பொலிஸ் படை எவ்வளவு தூரம் விலகியுள்ளது என்பதை அளக்கும் மைற்கல்லும் அதுவேயாம்.